கிணற்று நீரின் கணக்கும் கட்டணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறும் அராலிப் பக்கமாகக் கடலேரியை அடைந்து, கோடை முற்றுமுன் வறண்டுவிடுகின்றது. ஆதலால் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு, வாழை முதலிய தோட்டப் பயிர்கள் கிணற்று நீரை நம்பியே செய்கைபண்ணப்படுகின்றன. குடிநீரும் பெரும்பாலும் அதே கிணறுகளிலிருந்தே கிடைக்கின்றது.

இந்நீர் அளவற்றதன்று. மாசி, பங்குனி மாதங்களில் நன்னீர் தந்த கிணறு ஆடி, ஆவணி மாதங்களில் உவர்க்கத் தொடங்குவதைக் கரையோர ஊர்களிலுள்ள கமக்காரர் நன்கறிவர். அவ்வாறு உவர்த்த கிணற்றின் சொந்தக்காரர் மட்டுமே அதற்குக் காரணராகார். சுற்றிலுமுள்ள பல கிணறுகளின் இறைப்பும் அதற்குக் காரணமாயிருக்கலாம். ஒருவர் தாம் மட்டும் சிக்கனமாயிருந்து தம் கிணற்றைக் காத்துக்கொள்ள முடியாது என்பதே இங்குள்ள இடர்ப்பாடு.

இவ்விடர்ப்பாடு வேறு நாடுகளிலும் தோன்றியுள்ளது. அங்குச் சில இடங்களில், ஒரு பிரதேசத்தின் நிலத்தடி நீர் முழுவதற்கும் பொறுப்பான ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அச்சபை கிணறுகளைப் பதிவுசெய்து, இறைக்கப்படும் நீரை அளந்து, அதற்குக் கட்டணமும் அறவிட்டது. அவ்வேற்பாடுகள் எவ்வாறு நடைபெற்றன என்பதும், அவற்றிலிருந்து எமது கமக்காரர் அறியத்தக்கவை யாவை என்பதும் இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

நிலத்தடி நீரின் இயல்பு

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கற் பாறை. அதில் வெடிப்புக்களும் துவாரங்களும் குகைகளும் உண்டு. ஆண்டில் ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் கிடைக்கின்றது. இம்மழையில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி கடலுக்கு ஓடுகின்றது. எஞ்சியதே மண்ணூடாகக் கசிந்து பாறையைச் சேர்கின்றது. அடுத்த மாரிவரை குடாநாட்டின் சேமிப்பு இதுவே.

இச்சேமிப்பு மூடிய தொட்டியில் உள்ள நீர் போன்றதன்று. குடாநாட்டைக் கடலும் கடலேரிகளும் சூழ்ந்திருத்தலால், பாறையின் அடிப்பகுதியில் உவர்நீர் உட்புகுந்துள்ளது. நன்னீர் பாரங் குறைந்தது. ஆதலால் அது உவர்நீரின் மேல் மிதக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருப்பின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கும் என்பது நிலநூலார் கண்ட விதி. இவ்விதியின் மறுபக்கத்தையும் கமக்காரர் நினைவிற் கொள்ளல் வேண்டும். மேல்மட்டம் அரையடி தாழின், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 20 அடி மேலெழும். கிணற்றில் நீர் நிறைய உண்டெனக் கண்ணாற் கண்டு மகிழ்வது போதாது. அடியில் நிகழும் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கீரிமலையில் நன்னீர் ஊறிக் கடலைச் சேர்வதைப் பலரும் கண்டுள்ளனர். இவ்வாறு கடலுக்குச் செல்லும் நீர் முற்றும் வீணானதன்று. அதன் ஓட்டமே உவர்நீரை வெளியே தள்ளி நிறுத்துகின்றது. ஆகவே மழையால் வந்து சேர்ந்த நீர் முழுவதையும் இறைத்துவிடலாம் என எண்ணுதல் தவறாகும்.

துலாவும் பம்பியும்

முன்னாளில் துலாவினால் நீர் இறைக்கப்பட்டது. துலா மிதிப்பவர் ஒருவர் அல்லது இருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர், பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுபவர் ஒருவர் எனக் குறைந்தது மூவரேனும் விடியுமுன் உழைத்தல் வேண்டும். மனிதரின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாய் இருந்தது. அக்காலத்தில் எவரும் கிணற்றை அளந்து பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

1950களிலிருந்து நீர்ப் பம்பிகள் பரவின. முன்பு மூவர் ஒரு காலை முழுவதும் செய்த வேலையை ஒருவர் சிறிது நேரத்திற் செய்து முடிக்க வழி பிறந்தது. இது கமக்காரருக்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இறைப்புக்கு இயல்பாயிருந்த எல்லை அதனுடன் நீங்கிற்று. எரிபொருளின் விலை அல்லது மின்சாரக் கட்டணம் ஒன்றே எஞ்சிய தடையாகும். அவ்விலை பம்பியை ஓட்டுவதற்கான செலவேயன்றி நீரின் பெறுமதியன்று. கிணற்றை உவர்க்கச்செய்யும் 1 மணி நேர இறைப்புக்கும், எவருக்கும் தீங்கு செய்யாத 1 மணி நேர இறைப்புக்கும் அச்செலவு ஒன்றே.

தனியுரிமையும் பொதுச் சேமிப்பும்

தம் நிலத்தில் தாம் தோண்டிய கிணற்றின் நீர் தமக்கே உரியது என்பது கமக்காரரின் எண்ணம். இது இயல்பானதே. இங்கிலாந்திலும் நெடுங்காலம் சட்டம் இவ்வாறே இருந்தது. நிலக்கரிச் சுரங்கம் ஒன்றிலிருந்து நீர் அகற்றப்பட்டமையால் அயலிலிருந்த பஞ்சாலையொன்றின் கிணறு வற்றியது. ஆலைக்காரர் வழக்குத் தொடுத்தார். ஒருவர் தம் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுப்பதனால் அயலவரின் கிணறு வற்றினும் அதற்குப் பரிகாரம் இல்லை என 1843 இல் நீதிமன்றம் தீர்த்தது.

இத்தீர்ப்பினால் எவருடைய கிணறும் பாதுகாப்புப் பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தம் கிணற்றில் எவ்வளவும் இறைக்கலாம் என்னும் உரிமை ஒருவருக்கு உண்டெனின், அதே உரிமை அயலவருக்கும் உண்டு. இறுதியில் ஆழமாகத் தோண்டியவரும் பெரிய பம்பி வைத்தவருமே வெல்வர். சிறு கமக்காரரே முதலில் நீரை இழப்பர்.

குடாநாட்டில் இதற்கு மாறான ஒரு வழக்கம் பழமையானது. ஒரே கிணற்றிற் பலருக்குப் பங்கு இருப்பதும், அவரவர் முறைப்படி இறைப்பதும், காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்படுவதும் எங்கும் காணப்படுவனவாம். பங்குக் கிணற்றில் ஒருவர் தம் முறைக்கு மேல் இறைப்பின் மற்றையோர் கேள்வி கேட்பர். பாறையின் அடியிலுள்ள நீரும் இத்தகைய ஒரு பங்குக் கிணறே. பங்காளிகள் ஒருவரையொருவர் காணாதிருத்தலே வேறுபாடு. பிரதேச நீர் அதிகாரசபை என்பது இப்பெரிய பங்குக் கிணற்றுக்கு முறை வகுக்கும் ஏற்பாடாகும்.

இங்கிலாந்தின் அனுமதிப்பத்திர முறை

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963 ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம் முற்கூறிய பழைய நிலையை மாற்றியது. ஆற்றுப் படுகைகளை அடிப்படையாகக் கொண்டு 27 ஆற்று அதிகாரசபைகள் அமைக்கப்பட்டன. ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ நீர் எடுப்போர் அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும் எனவும், அதற்குக் கட்டணம் அறவிடலாம் எனவும் விதிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் வீட்டுத் தேவைக்குக் கிணற்றிலிருந்து எடுக்கும் நீருக்கு விலக்களிக்கப்பட்டது. பின்னர் 1974 இல் இச்சபைகளின் பணிகள் 10 பிரதேச நீர் அதிகாரசபைகளிடம் சேர்க்கப்பட்டன. 1989 இல் நீர் வழங்கும் தொழில் தனியாரிடம் விடப்பட்டபோதும், அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் பொது நிறுவனத்திடமே வைக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, நாளொன்றுக்கு 20 கன மீற்றருக்கு மேற்படாது எடுப்போருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

இம்முறையின் கட்டண வகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. 2022 வரை நடைமுறையிலிருந்த ஒழுங்கின்படி, ஒரே அளவு நீருக்குக் கோடையில் அறவிடப்பட்ட கட்டணம் மாரிக் காலக் கட்டணத்திலும் 10 மடங்கு ஆகும். மேலும், எடுத்த நீரைத் திரும்ப ஆற்றில் விடும் தொழிலுக்குக் குறைந்த கட்டணமும், பயிருக்குத் தெளித்து ஆவியாகவிடும் தொழிலுக்குக் கூடிய கட்டணமும் விதிக்கப்பட்டன. எப்போது எடுக்கப்படுகின்றது, எவ்வளவு திரும்பி வருகின்றது என்னும் இரண்டையும் கட்டணம் கவனித்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. சட்டம் வந்தபோது முன்னரே நீர் எடுத்துவந்தோருக்கு அனுமதிப்பத்திரம் உரிமையாக வழங்கப்பட்டது. நிலத்தடியில் எவ்வளவு நீர் உண்டு என்பதைத் தீர அறியுமுன் இவ்வாறு வழங்கப்பட்டமையால், சில இடங்களில் நீர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலாக உரிமைகள் எழுதப்பட்டுவிட்டன. ஒருமுறை எழுதிக்கொடுத்த உரிமையைப் பின்னர் குறைப்பது மிகக் கடினமாயிற்று. முதலில் அளத்தல், பின்னர் பங்கிடல் என்னும் ஒழுங்கு இதனால் வலியுறுத்தப்படுகின்றது.

ஒறேஞ்சு மாவட்டத்தின் அனுபவம்

குடாநாட்டின் நிலைக்கு மிக அண்மித்த எடுத்துக்காட்டு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஒறேஞ்சு மாவட்டமாகும். அங்கும் தோட்டச் செய்கை கிணறுகளை நம்பியிருந்தது. அங்கும் நிலத்தடி நீரின் ஒரு பக்கம் கடல் இருந்தது. 1933 இல் மாநிலச் சட்டசபை இயற்றிய சட்டத்தினால் அம்மாவட்டத்துக்கென ஒரு நீர்ச் சபை அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அச்சபை இறைப்புக்குக் கட்டணம் அறவிடவில்லை. சாந்தா ஆனா ஆற்று நீரைக் காப்பதும் அதனை மணற்பாங்கான நிலத்தில் தேக்கி நிலத்தடிக்கு இறக்குவதுமே அதன் பணிகளாயிருந்தன.

ஆயினும் தோட்டங்களும் நகரங்களும் பெருக, இறைப்பு மழையை விஞ்சிற்று. 1950களில் நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கும் கீழே தாழ்ந்தது. உவர்நீர் கடற்கரையிலிருந்து பல மைல் உள்ளே புகுந்தது. அப்போது சபையின் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, வழக்குமன்றம் சென்று ஒவ்வொருவருடைய இறைப்பையும் வெட்டிக் குறைத்தல். மற்றையது, இறைப்போர் யாவரிடமும் பணம் திரட்டி வெளியிலிருந்து நீர் வாங்கி நிலத்தடியை நிரப்புதல். அவர்கள் இரண்டாவது வழியைத் தெரிந்தனர்.

1953 இல் சட்டம் திருத்தப்பட்டது. கிணறு வைத்திருப்போர் அதைப் பதிவுசெய்து, 6 மாதங்களுக்கு ஒருமுறை தாம் இறைத்த நீரின் அளவை அறிவித்தல் வேண்டும். அவ்வளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தல் வேண்டும். இக்கட்டணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மீள்நிரப்புக் கட்டணம் என்பதாகும். அப்பணத்தினால் கொலராடோ ஆற்று நீர் வாங்கப்பட்டு நிலத்தடிக்கு இறக்கப்பட்டது. கட்டணம் செலுத்தியவர் தம் பணம் தம் கிணற்றின் அடிக்கே நீராகத் திரும்பி வருவதைக் கண்டார்.

பின்னர் 1960களின் முடிவில் வேறொரு விதியும் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் நிலத்தடியின் நிலையைப் பார்த்து, ஒருவரின் மொத்த நீர்த்தேவையில் எத்தனை வீதத்தைக் கிணற்றிலிருந்து எடுக்கலாம் எனச் சபை அறிவிக்கும். அவ்வீதத்துக்கு உட்பட்டு எடுப்போர் சாதாரண கட்டணமும், அதற்கு மேல் எடுப்போர் மேலதிகக் கட்டணமும் செலுத்துவர். மேலதிகக் கட்டணம், வெளியிலிருந்து வாங்கும் நீரின் விலைக்குச் சமமாகும்வண்ணம் வகுக்கப்பட்டது. எனவே அளவுக்கு மேல் இறைப்பதனால் எவருக்கும் இலாபம் இல்லாமற்போயிற்று. தண்டனையும் தடையுமின்றியே இறைப்பு ஓர் எல்லைக்குள் நின்றது. 2008 முதல் அவ்விடத்திற் கழிவுநீரும் நன்கு சுத்திகரிக்கப்பட்டு, உவர்நீரைத் தடுப்பதற்காகவும் சேமிப்பை நிரப்புவதற்காகவும் நிலத்தடிக்கு அனுப்பப்படுகின்றது.

பிரான்சின் படுகைக் குழுக்கள்

பிரான்சில் 1964 ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாடு 6 ஆற்றுப் படுகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் முகவர் நிலையமும் ஒரு படுகைக் குழுவும் அமைக்கப்பட்டன. குழுவில் உள்ளூராட்சி மன்றங்களின் பிரதிநிதிகளும், கமக்காரர், தொழிற்சாலையோர் முதலிய நீர் பாவிப்போரும், அரசாங்கப் பிரதிநிதிகளும் இடம்பெறுவர். கட்டண வீதம் இக்குழுவின் இணக்கத்துடனேயே தீர்மானிக்கப்படும். நீரை எடுப்பதற்கு மட்டுமன்றி, நீரை அழுக்காக்குவதற்கும் கட்டணம் உண்டு. திரட்டிய பணம் அதே படுகையின் நீரைக் காக்கும் வேலைகளுக்கு உதவிப் பணமாகச் செலவிடப்படும்.

அழுக்காக்குதல் பற்றிய பகுதி எமக்கும் பொருந்தும். யூரியா முதலிய நைதரசன் பசளைகளை அளவுக்கு மேல் இட்டு, அளவுக்கு மேல் நீரும் பாய்ச்சுங்கால், பயிர் ஏற்காத நைத்திரேற்று நீருடன் இறங்கி அதே கிணற்றை அடைகின்றது. குடிநீரில் நைத்திரேற்று 1 லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டுள்ளமை ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. இந்நீரைப் பால்மாவிற் கலந்து குழந்தைகளுக்கு ஊட்டுதல் ஆபத்தானது. கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது.

நிறைவேறாத முயற்சிகள்

சட்டம் இயற்றியதனால் மட்டும் காரியம் நிறைவேறாது. தமிழ்நாட்டில் 2003 இல் நிலத்தடி நீர் மேம்பாடும் முகாமையும் பற்றிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது செயலுக்கு வராமலே 2013 இல் நீக்கப்பட்டது. அங்கு விவசாயப் பம்பிகளுக்கு மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகின்றது. இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் செலவில்லாதிருக்கும்போது, பதிவும் அனுமதியும் மட்டும் இறைப்பைக் குறைக்கும் என எதிர்பார்த்தல் அரிது.

இலங்கையில் 1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தினால் நீர் வளச் சபை நிறுவப்பட்டது. நிலத்தடி நீரை ஆராய்தல் அச்சபையின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகும். 2000 ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய நீர்வளக் கொள்கை, நீர் உரித்தும் கட்டணமும் பற்றிய அச்சத்தினால் நாடெங்கும் கமக்காரரின் எதிர்ப்பைச் சந்தித்தது. அதைச் செயற்படுத்துவதற்கான சட்டம் நிறைவேறவில்லை. கமக்காரர் தம் கிணற்று நீருக்குக் கட்டணம் செலுத்தும் முறை இந்நாட்டில் இல்லை.

கமக்காரரின் அச்சம் காரணமற்றதன்று. நீருக்கு விலை வைத்தால் அது பணம் படைத்தோர் கைக்குப் போய்விடும் என்பதும், திரட்டும் பணம் தலைநகரத் திறைசேரியிற் கரைந்துவிடும் என்பதும் அவர்களின் கேள்விகளாயிருந்தன. இக்கேள்விகளுக்கு விடை கூறாத எவ்வேற்பாடும் நிலைக்க மாட்டாது. மேலே காட்டிய எடுத்துக்காட்டுக்களில் நிலைத்தவை யாவும் ஏதோ ஒரு வகையில் இவற்றுக்கு விடை கூறியவையே.

நியாயமான ஏற்பாட்டின் இலக்கணங்கள்

பிற நாடுகளின் அனுபவத்திலிருந்து பின்வருவன பெறப்படும்.

1. எல்லை: அதிகாரசபையின் எல்லை நிலத்தடி நீரின் எல்லையை ஒத்திருத்தல் வேண்டும். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளின் நிலத்தடி நீர்ப்படுகைகள் தம்முள் வேறானவை. ஒன்றில் மிகுந்த நீர் மற்றொன்றின் குறையைத் தீராது.

2. கணக்கு: கட்டணத்துக்கு முன் கணக்கு வருதல் வேண்டும். எத்தனை கிணறுகள், எவ்வளவு இறைப்பு, நீர்மட்டம் எங்கே, உவர்ப்பு எவ்வளவு என்பவை சில ஆண்டுகளேனும் தொடர்ந்து அளக்கப்படல் வேண்டும்.

3. விலக்கு: குடிக்கவும் குளிக்கவும் எடுக்கும் வீட்டுக் கிணற்று நீருக்குக் கட்டணம் கூடாது.

4. பயன்: திரட்டிய பணம் அதே படுகைக்கே திரும்புதல் வேண்டும். குளங்களையும் கேணிகளையும் தூர்வாருதல், மழைநீரை நிலத்தடிக்கு இறக்குதல், உவர்நீர்த் தடுப்பணைகளைப் பேணுதல் என்பன அத்தகைய வேலைகளாம். ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு ஓர் ஆறு அமைக்கலாம் எனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டமும் இந்நோக்கமுடையதே.

5. குரல்: கட்டணம் செலுத்துவோர் சபையில் இடம்பெறல் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்த கமக்காரர் அமைப்புக்கள் இதற்கு ஏற்ற வாயிலாக அமையலாம்.

6. சமநிலை: நகரத்துக்கு வண்டிகளில் நீர் விற்போரும், விடுதிகளும், தொழிற்சாலைகளும் கமக்காரரோடு ஒரே கணக்கில் வருதல் வேண்டும். சிறு தோட்டக்காரரிடம் மட்டும் கட்டணம் அறவிடுதல் நீதியன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

இறைப்பை அறிவதற்கு மீற்றர் கட்டாயமன்று. 200 லீற்றர் கொள்ளும் பீப்பாய் ஒன்றும் மணிக்கூடு ஒன்றும் போதும். பம்பியின் நீரைப் பீப்பாயில் விட்டு, அது நிரம்பும் நேரத்தைக் குறித்தல் வேண்டும்.

பீப்பாய் 40 செக்கனில் நிரம்புமாயின், பம்பி 1 செக்கனுக்கு 5 லீற்றர் தருகின்றது. 1 மணி நேரத்துக்கு இது 18,000 லீற்றர், அஃதாவது 18 கன மீற்றர் ஆகும். 8 பரப்பு, அஃதாவது அரை ஏக்கர் வெங்காயத்துக்கு 4 நாளுக்கு ஒருமுறை 2 மணி நேரம் இறைப்பதாகக் கொள்வோம். ஒரு முறைக்கு 36 கன மீற்றர். 3 மாதத்தில் 22 முறைக்கு 792 கன மீற்றர். இந்நீரை அதே 8 பரப்பில் நிரவி விட்டால் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் உயரம் நிற்கும். ஆண்டு முழுவதும் அந்நிலத்திற் பெய்த மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இது. கோடையில் இரு பயிர் செய்யின் மூன்றில் இரு பங்காகும். பாய்ச்சிய நீரிற் சிறிது நிலத்தடிக்குத் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் பெய்த மழையிலும் ஒரு பகுதியே நிலத்தடியை அடைகின்றது என்பதை மறத்தலாகாது.

இனி, அயலிலுள்ள மற்றொருவர் அதே அளவு நிலத்துக்கு, அதே அளவு பம்பியால், ஒவ்வொரு முறையும் 3 மணி நேரம் இறைப்பதாகக் கொள்வோம். அவருடைய இறைப்பு 1,188 கன மீற்றர். பம்பிக்கு இவ்வளவு எனக் கட்டணம் விதிக்கப்படின், இருவரும் ஒரே தொகையைச் செலுத்துவர்; சிக்கனமாயிருந்தவர் நட்டமடைவார். பயிருக்கு வேண்டிய 800 கன மீற்றர் வரை விலக்களித்து, அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் கன மீற்றருக்கு 2 ரூபா எனக் கொள்ளின், முதலாமவர் எதுவும் செலுத்தார். இரண்டாமவர் 388 கன மீற்றருக்கு 776 ரூபா செலுத்துவார். இங்கு விலக்கின் அளவும் ரூபாவும் கணக்குக்காக எடுத்தவையே. கட்டணம் எவ்வாறு வகுக்கப்படுகின்றது என்பதிலேயே அதன் நீதி தங்கியுள்ளது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

கமக்காரர் இப்போதே செய்யத்தக்கவை

எச்சட்டமும் வருமுன்னரே பின்வருவனவற்றைச் செய்துகொள்ளலாம்.

இறைக்கும் நாள், நேரம் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் வேண்டும். மாதம் ஒருமுறை, இறைப்புக்கு முன் அதிகாலையிற் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றினால் அளந்து எழுதுதல் வேண்டும். கோடையின் நடுவிலும் முடிவிலும் கிணற்று நீரின் உவர்ப்பைப் பரிசோதிப்பித்தல் நன்று. உவர்ப்பு ஏறும் கிணற்றை ஆழமாக்குதல் தகாது; ஆழமாக்கின் உவர்நீரே விரைந்து வரும். அத்தகைய கிணற்றில் நெடுநேரம் தொடர்ந்து இறையாது, சிறிது சிறிதாக இடைவிட்டு இறைத்தல் வேண்டும். பாத்திகளுக்குக் கூட்டெருவும் மூடுபடையும் இட்டால் மண்ணின் ஈரம் நெடுநேரம் நிற்கும். சொட்டு நீர்ப்பாசனமும் தூவல் நீர்ப்பாசனமும் வசதியுள்ளோர் கைக்கொள்ளத்தக்கவை. மாரியில் வளவு நீரை ஒழுங்கைக்கு வெட்டி விடாது, வரம்பு கட்டி நிலத்திலேயே நிற்கச் செய்தல் வேண்டும்.

ஓர் ஊரிலுள்ள கமக்காரர் இருபதின்மர் இவ்வாறு கணக்கு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை கூடி ஒப்புநோக்கின், தம் ஊரின் நிலத்தடியில் நிகழ்வதை அவர்களே அறிந்துகொள்வர். பின்னர் ஒரு நாள் கட்டணம் பற்றியோ அதிகாரசபை பற்றியோ பேச்சு எழுங்கால், பிறர் கூறும் எண்ணிக்கையை நம்பவேண்டிய தேவை அவர்களுக்கு இராது.

கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று 2024 இல் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. அது குடிநீர்க் குறையை ஓரளவு தீர்க்கும். ஆயினும் அவ்வாறு பெறும் நீர் மிக்க செலவில் ஆக்கப்படுவது. வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சக்கூடியதன்று. பயிருக்குரிய நீர் பாறையின் அடியிலுள்ள நீர் ஒன்றே. அது முன்னோர் சேர்த்து வைத்த பொருளன்று. ஒவ்வொரு மாரியும் புதிதாகத் தரும் வருமானம். வரவை அறிந்து செலவுசெய்யும் குடும்பம் கெடுவதில்லை. கிணற்று நீரையும் அவ்வாறே வரவு அறிந்து செலவுசெய்தல் வேண்டும்.